ஆறு பேர் சோதித்த வண்டி

ஜனவரி 5, வெள்ளி

காலை ஏழு மணிக்கு வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று. காப்பி இரண்டு குவளை. வாசல் பாதைக்கு உப்பு தூவினேன். நூலகப் புத்தகங்கள் இரண்டையும் திருப்பிக் கொடுத்தாயிற்று.

செவ்வாயன்று ஜூரித் தேர்வுக்கு வரச் சொல்லி வந்த கடிதத்தை மறுபடி படித்தேன். எழுபது தாண்டியவர்கள் விலக்குக் கேட்கலாம். எனக்கு எழுபத்தெட்டு. கேட்கவில்லை. ஏன்? என் மனைவி எல்சி இறந்து மூன்று வருஷமாகிறது. அதன்பிறகு யாரும் என்னிடம் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டதில்லை. ஒருவேளை அதுதான் காரணமோ என்னவோ.

ஜனவரி 9, செவ்வாய்

என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆறு பேரில் நானும் ஒருவன்.

வழக்கை யாரிடமும் பேசக்கூடாது என்று நீதிபதி சொன்னார். எழுதுவது பேசுவதாகுமா? இந்த நோட்டை நான் தவிர யாரும் திறப்பதில்லை. ஆகாது என்று வைத்துக்கொள்கிறேன்.

வழக்கு இதுதான். ஜானிஸ் ரூனா, வயது அறுபத்தொன்று. இரண்டு வருஷத்துக்கு முன் டிசம்பரில் ஒரு காலை, தன் வண்டியை கராஜிலிருந்து பின்னால் எடுத்து, பாதி வழியில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு இறங்கினார். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள சின்ன கிராஸ்ஓவர் கார். கியருக்குக் கம்பி கிடையாது. ஒரு வட்டத் திருகு. வண்டியை நகராமல் நிறுத்தும் 'பார்க்' நிலைக்குத் திருப்பியதாக அவர் சொல்கிறார். வண்டி ரிவர்ஸிலேயே இருந்தது. சக்கரம் பனிக் குழியில் சற்று நேரம் நின்று, பிறகு தானாகப் பின்னால் போனது. அங்கே அவர் கணவர் டேல், நகராட்சி லாரி தள்ளிவிட்டுப் போன பனியை இயந்திரத்தால் அகற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்டிருக்காது. வண்டி மோதி இறந்துபோனார்.

அதே விலையில் விற்ற வேறு வண்டிகள், கதவு திறந்தால் தாமாகவே பார்க்குக்குப் போய்விடும். இது மணி மட்டும் அடிக்கும். வடிவமைப்பு தவறு என்கிறார் ஜானிஸ். அவருடைய கவனக்குறைவு என்கிறது நிறுவனம்.

இனி எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். தேர்வின்போது நிறுவனத்தின் வக்கீல் எல்லாரையும் பார்த்துக் கேட்டார்: "நிறுத்திட்டோம்னு நினைச்சு இறங்கின வண்டி நகர்ந்துபோன அனுபவம் உங்கள்ல யாருக்காவது உண்டா?" ஒருவர் கையைத் தூக்கினார். மீன் கடைக்காரர். அவருக்கு நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் தூக்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் நவம்பர் மாதம், தபால் நிலைய வாசல். கடிதத்தைப் பெட்டியில் போட இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. பனிக்குவியலில் முட்டி நின்றது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நாடாவை எடுத்து அளந்தேன் — பதினோரு அடி. எல்சியிடம்கூடச் சொல்லவில்லை.

கை ஏன் எழவில்லை? மறந்தேன் என்று சொல்ல முடியாது. கேட்ட கணத்திலேயே நினைவுக்கு வந்தது.

ஜனவரி 10, புதன்

ஜானிஸ் ரூனா சாட்சி சொன்னார். குட்டையான பெண்மணி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருந்தார்.

நிறுவனத்தின் வக்கீல் டெட்ராய்ட்டிலிருந்து வந்தவர். குரலை உயர்த்துவதே இல்லை.

"அன்னைக்கு என்னம்மா அவசரம்?"

"அவசரம் ஒண்ணும் இல்ல. அவர்கிட்ட காப்பி பிளாஸ்க்கக் குடுக்க இறங்கினேன்."

"திருகுமேல இருக்கற எழுத்தப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா, பார்த்தீங்களா?"

 அவர் எங்கள் ஆறு பேர் பக்கமாகத் திரும்பி, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். "பணம் வேணாம்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா அதுக்காக வரல. நான் அவரக் கொன்னேனா இல்லையான்னு யாராவது எங்கிட்ட சொல்லணும். நானே எனக்குச் சொல்லிப் பார்த்துட்டேன். ஒரு நாள் ஒரு பதில் வருது, மறுநாள் வேற பதில் வருது."

அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று நீதிபதி எங்களுக்குச் சொன்னார்.

ஜனவரி 11, வியாழன்

நிறுவனத்தின் பொறியாளர். திரையில் படம் போட்டுக் காட்டினார்: ஒரு கை, திருகை ஐம்பது தடவை பார்க்குக்குத் திருப்புகிறது. ஐம்பதும் சரி. பார்க்கில் விழும்போது விரலுக்கு ஒரு சின்னத் தட்டு தெரியுமாம். தெரியாமல் போக வாய்ப்பே இல்லையாம்.

சுத்தமான கை. நகம் ஒழுங்காக வெட்டிய கை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதோ ஒன்று இடறியது. மதியம் பாஸ்டி, அதாவது இறைச்சி அடைத்த ரொட்டி, சாப்பிடும்போதுதான் புரிந்தது. வெறுங்கை. டிசம்பரில் இந்த ஊரில் வெறுங்கையோடு யார் வண்டியை எடுக்கிறார்கள்? மான்தோல் கையுறை, உள்ளே கம்பளி. நான்கு விரலும் ஒரே பையில். ஜானிஸும் அன்று அதைத்தான் போட்டிருந்தார். நேற்றுச் சாட்சியில் சொன்னார், போகிற போக்கில்.

அவருடைய வக்கீல் அதைக் கேட்பார் என்று மாலைவரை காத்திருந்தேன். கேட்கவில்லை. அவர் சிகாகோக்காரர், இந்த ஊர்க் கையுறையை அறியாதவர்.

ஜனவரி 12, வெள்ளி

இன்று வண்டியைக் காட்டினார்கள். நீதிமன்றத்தை அடுத்த கராஜில். ஒவ்வொருவராக ஐந்து நிமிஷம் உட்காரலாம், திருகைத் திருப்பிப் பார்க்கலாம், பேசக்கூடாது. பக்கத்தில் நீதிமன்றக் காவலர். பின்பக்க பம்பரைப் பார்க்கவேண்டாம் என்று தீர்மானித்திருந்தேன். பார்த்துவிட்டேன்.

வண்டியைப் பற்றி நேர்மையாக எழுதுகிறேன். இருக்கையின் உயரம் சரியாக இருக்கிறது. என் முழங்காலுக்குக்கூட ஏற இறங்கச் சிரமமில்லை. கதவு அகலமாகத் திறக்கிறது. முன்கண்ணாடி விசாலம். பின்கண்ணாடி குறுகல் — அழகுக்காக ஒடுக்கியிருக்கிறார்கள், பின்னால் நிற்பவரின் தோளுக்குக் கீழே எதுவும் தெரியாது. கியர் திருகுக்கு ஒரு சாண் தள்ளி வெப்பக்காற்றுக்கு ஒரு திருகு. அதே அளவு, அதே வழவழப்பு. எழுத்துகள் சிறியவை. மொத்தத்தில் எனக்கு வண்டி பிடித்திருந்தது. வாங்கியிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

வெறுங்கையால் பத்துத் தடவை திருப்பினேன். பத்துத் தடவையும் அந்தத் தட்டு தெரிந்தது. என் கையுறையை எடுத்தேன்.

"கையுறை போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

காவலர் தலையைச் சொறிந்தார். "அதப்பத்தி எனக்கு ஒண்ணும் சொல்லலையே பெரியவரே. வேணும்னா போய் நீதிபதியம்மாகிட்ட கேட்டுட்டு வரட்டா?"

"வேண்டாம் வேண்டாம்" என்றேன்.

முப்பத்தொரு வருஷம் இந்த மாவட்டத்தின் தராசுகளையும் பெட்ரோல் பம்புகளையும் சோதித்தவன் நான். எந்தத் தராசையும் அது இருக்கிற இடத்தில், அங்கேயிருக்கிற குளிரோடும் அழுக்கோடும்தான் சோதிக்கவேண்டும் என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லித்தந்தவன். ஐந்து நிமிஷம் முடிந்தது. கையுறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

ஜனவரி 14, ஞாயிறு

தேவாலயத்துக்குள் போனபிறகு, பார்க்கில் போட்டேனா என்று இரண்டு முறை வெளியே வந்து பார்த்தேன். போட்டிருந்தேன்.

ஜனவரி 16, செவ்வாய்

ஆறு பேரும் ஓர் அறையில். ஐந்து பேர் ஒத்துப்போனால் தீர்ப்பு.

தலைவராக கோர்டி பெல்லேரைப் போட்டோம். போட்டோம் என்ன, அவரே உட்கார்ந்துகொண்டார். பனி தள்ளும் லாரி வைத்திருப்பவர், பெரிய குரல். மார்லீஸ், பள்ளிப் பேருந்து ஓட்டுநர். பெத்தானி, செவிலி, முப்பது வயதிருக்கும். மரம் அறுக்கும் ஆலையில் ஒருவர், வங்கியில் ஒருவர். இந்த இருவரும் அதிகம் பேசவில்லை.

வண்டியின் வடிவமைப்பு தவறா? முதல் வாக்கெடுப்பு: இல்லை என்று நான்கு. ஆம் என்று இரண்டு. பெத்தானியும் நானும்.

மார்லீஸ் சொன்னார்: "முப்பது வருஷமா ஊரான் வீட்டுப் பிள்ளைங்கள ஏத்திட்டுப் போறேன். இறங்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பார்ப்பேன். பிரேக், கியர், சாவி. இது என்ன பெரிய வித்தையா?"

"நானும் ஊசி போடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ லேபிளப் பார்க்கறேன்," என்றாள் பெத்தானி. "இருந்தாலும் ஒரே மாதிரி ரெண்டு மருந்துக் குப்பிய ஆஸ்பத்திரில பக்கத்துல பக்கத்துல வைக்கவிட மாட்டாங்க. ஏன்? நாங்கல்லாம் முட்டாளுங்கன்னா?"

"தங்கச்சி, குப்பி வேற, கார் வேற," என்றார் கோர்டி.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கையுறை விஷயத்தைச் சொன்னேன். தெளிவாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. கோர்டி கேட்டுவிட்டு, "கையுறையக் கழட்ட எத்தன நொடி ஆகும் பெரியவரே? உங்களுக்கு எப்படியோ. எனக்கு ஒண்ணு," என்றார். சிரித்தார்கள். ஆலைக்காரர்கூடச் சிரித்தார்.

அப்போது மார்லீஸ் மேசையைச் சுற்றிப் பார்த்தார். "சரி, இங்க இருக்கற யாருக்காவது இப்படி நடந்திருக்கா? அன்னைக்கே கேட்டாங்க. ஒருத்தருக்கும் இல்ல. அதுக்கு என்ன அர்த்தம்? கவனமா இருந்தா நடக்காதுன்னு அர்த்தம்."

 நான் என் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடை படிந்திருந்தது. இப்போது சொன்னால் என்ன ஆகும்? நீதிபதியிடம் போகும். அன்றைக்கு ஏன் மறைத்தாய் என்பார்கள். வழக்கே கலைந்துபோகலாம். அந்தப் பெண்மணி மறுபடி முதலிலிருந்து அத்தனையையும் சொல்லவேண்டிவரும் — அவருக்காகத்தான் சும்மா இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். எனக்கு வெட்கம். அவ்வளவுதான்.

ஜனவரி 17, புதன்

முடிந்துவிட்டது.

காலையிலிருந்தே பனிப்புயல் எச்சரிக்கை. பத்து அங்குலம் என்றார்கள். கோர்டி ஜன்னலருகே போய்ப் போய் வந்தார். "நாலு மணிக்குள்ள நான் லாரியில இருக்கணும். இல்லன்னா பாதி ஊர் என்னத் திட்டும், மீதி ஊர் வேற ஆளக் கூப்பிடும்." மூன்றாவது வாக்கெடுப்பும் நான்குக்கு இரண்டு.

பெத்தானி என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க சொல்லுங்க. நான் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டேன். நீங்க ஏன் ஆமான்னு போடறீங்க? உங்க காரணத்தச் சொல்லுங்க."

எத்தனை எளிதாக்கிக் கொடுத்தாள்! எல்லாரும் காத்திருந்தார்கள். வாயைத் திறந்தேன்.

"உறுதியா சொல்ல முடியல," என்றேன்.

"அப்ப முடிஞ்சது," என்றார் மார்லீஸ். கடுமையாக அல்ல, கனிவாகவே சொன்னார். "நிரூபிக்க வேண்டியது அந்தம்மா. உங்களுக்கு உறுதி வரலன்னா அவங்க நிரூபிக்கலன்னுதானே அர்த்தம். நீதிபதியே அப்படித்தான சொன்னாங்க?"

அது சட்டப்படி சரி. நான் தலையாட்டினேன். நான்காவது வாக்கெடுப்பு, ஐந்துக்கு ஒன்று. பெத்தானி என்னைப் பார்க்கவேயில்லை. தன் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டார்கள்: இது உங்கள் தீர்ப்பா? ஆம் என்றேன். காதில் விழவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார்கள். ஆம். ஜானிஸ் ரூனா அழவில்லை. பரீட்சை முடிவைக் கேட்ட பிள்ளைபோல ஒருமுறை தலையசைத்தார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் எல்லாரும் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். கோர்டிக்கு உற்சாகம். "பெரியவரே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நாலு வருஷம் முன்னாடி என் லாரி படகு இறக்கற சரிவுல உருண்டு சுப்பீரியர் ஏரிக்குள்ள பாதி போயிடுச்சு. உள்ள ஆளே இல்ல. நான் கையில சாண்ட்விச்சோட கரையில நிக்கறேன்!"

மார்லீஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அடப்பாவி. எனக்கு கராஜ் கதவே போச்சு. பஸ் இல்ல, சொந்தக் காரு. என் வீட்டுக்காரர்கிட்ட காத்துல விழுந்துடுச்சுன்னு சொன்னேன்."

"அன்னைக்குக் கேட்டாங்களே," என்றேன்.

"அது வேற. எனக்கு ஒண்ணும் ஆகலையே," என்றார் கோர்டி. "போதாததுக்கு, கையத் தூக்கின ஆள வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நாம வந்தது எதுக்கு, திரும்பிப் போகவா?"

காருக்குள் உட்கார்ந்து வெகு நேரம் கிளப்பவில்லை. மூணு பேரு. ஆறுல மூணு பேரு! மத்த ரெண்டு பேருக்கும் நடந்திருக்குமோ என்னவோ, யாரு கண்டா. நடந்ததுன்னு சொன்ன ஒரே மனுஷன அனுப்பிட்டு, சொல்லாதவங்களா பொறுக்கி உட்கார வெச்சு, இவங்கள்ல ஒருத்தருக்கும் நடக்கலன்னு அந்தம்மாவுக்குத் தீர்ப்பு. அதுல அஞ்சாவது ஓட்டு என்னோடது.

ஜனவரி 18, வியாழன்

பதினான்கு அங்குலம். பனி வாரினேன். வேறு எதுவும் இல்லை.

ஜனவரி 30, செவ்வாய்

நீதிபதிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். இரண்டு வரி. நிறுத்திவிட்டேன். தண்டனை இருக்குமா? எழுபத்தெட்டு வயதில் என்ன தண்டனை தரப்போகிறார்கள்? பயம் அதுவல்ல. பின் எது?

பிப்ரவரி 24, சனி

இரும்புக் கடை வாசல். திருகாணி வாங்கப் போயிருந்தேன். காரிலிருந்து இறங்குமுன் அந்த வண்டியைப் பார்த்தேன். சாம்பல் நிறம். பம்பரை மாற்றியிருந்தார்கள். ஜானிஸ் ரூனா இறங்கி, பின்கதவைத் திறந்து, பிளந்த பிர்ச் மரக்கட்டை ஒன்றை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, பூட்ஸ் காலால் இரண்டு முறை உதைத்து இறுக்கினார். பிறகு முன்பக்கம் வந்து கண்ணாடி வழியாகத் திருகைப் பார்த்தார். பிறகு மறுபடி கட்டையைப் பார்த்தார். அப்புறம்தான் கடைக்குள் போனார்.

நான் அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். சாவி கையில்தான் இருந்தது. இறங்கி அந்த வண்டியருகே நின்றேன்.

ஒரு வாளி உப்புடன் திரும்பி வந்தார். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்க அந்த ஆறு பேர்ல ஒருத்தர். ஓரத்துல உட்கார்ந்திருந்தீங்க."

"ஆமாம்."

"கோபமெல்லாம் இல்லைங்க. கேஸ் முடிஞ்சதும் வண்டியத் திருப்பிக் குடுத்துட்டாங்க. வேற வாங்க வழியில்ல, இதத்தான் ஓட்டறேன்." வாளியைக் கீழே வைத்தார். "ஒரு வகையில நல்லதுதான். இப்ப தெரிஞ்சிடுச்சு இல்ல? என் பிள்ளைங்க ரெண்டு பேரையும் உட்கார வெச்சுச் சொல்லிட்டேன். உங்கப்பாவுக்கு நடந்தது என்னாலதான்னு. பெரியவன் அதுலேர்ந்து போன் பண்றதில்ல."

நான் சொன்னேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. தபால் நிலையம் என்றேன், நவம்பர் என்றேன், என் வண்டி என்றேன்.

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. "இத அங்க சொன்னீங்களா? அந்த ரூம்ல?"

"இல்லை."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். இந்தத் தடவை வரிசையாக.

"எத்தன அடி போச்சு?"

"பதினோரு அடி. அளந்தேன்."

"பின்னாடி யாரும் இல்லையா?"

"பனிக்குவியல் இருந்தது."

"பனிக்குவியல்," என்றார். வண்டியின் பின்பக்கத்துப் புது பம்பர்மேல் உட்கார்ந்துகொண்டார். "நீங்க கவனமான ஆளா?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்."

"நானும் கவனமான ஆளுதாங்க," என்றார். பிறகு, "இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார். மூன்றாம் முறை சொன்னேன். இன்னும் இரண்டு பேருக்கும் அப்படி நடந்தது, எனக்குத் தீர்ப்புக்குப் பிறகுதான் தெரியும் என்பதையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். எழுந்து கட்டையை எடுத்துப் பின்னால் போட்டார். திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். திட்டாமல் போய்விட்டார். உப்பு வாளியை மறந்துவிட்டார். கடைக்குள் கொடுத்து, பெயர் சொல்லி வைக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

அவருடைய சிகாகோ வக்கீலுக்கு நானே தொலைபேசினேன். முழுவதும் கேட்டார். மறுவிசாரணை கேட்பதற்கான கெடு முடிந்துவிட்டதாம். "இத ரெண்டு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா —" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். "முயற்சி பண்ணிப் பார்க்கலாம், ஆனா நம்பிக்கை குடுக்க மாட்டேன்," என்றார். பெரும்பாலும் தள்ளுபடிதானாம்.

இரண்டு வாரம். அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கங்களில் வெப்பநிலை மட்டும் குறித்திருக்கிறேன்.

மார்ச் 2, சனி

காலை ஜானிஸ் ரூனா தொலைபேசினார். நலம் விசாரிக்கவில்லை. நான் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். "கோர்ட்டுக்கு இல்ல. அது போச்சு, வக்கீல் சொல்லிட்டாரு. பெரியவனுக்கு அனுப்பணும்."

மதியம் உட்கார்ந்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. தேதி, இடம், தூரம். தேர்வில் கேட்ட கேள்வி. நான் வாய் திறக்காதது. கையுறை. ஐந்தாவது வாக்கு யாருடையது என்பது. கோர்டி, மார்லீஸ் பெயர்களை எழுதவில்லை. அது அவரவர் எழுதவேண்டியது. இதுவும் கோழைத்தனமோ? தெரியவில்லை.

எழுதி முடித்து உரக்கப் படித்துப் பார்த்தேன். 'ஒருவேளை' என்ற சொல் நான்கு இடங்களில் இருந்தது. நான்கையும் அடித்துவிட்டு, புதுத்தாளில் மறுபடி முதலிலிருந்து எழுதினேன்.